பன்னெண்டாவது கட்டம்

இல்லீங்க தம்பி, பயப்படாதீங்க, வெடிக்கற சாமான் ஒண்ணும் இல்ல. பைல இருந்து வயரு வெளிய நீட்டிட்டு இருக்குதேன்னுதான் பாக்கறீங்க. பொள்ளாச்சில ஏறும்போது கண்டக்டரும் இப்படித்தான் ஒரு மாதிரி பாத்தாப்ல. இது டிஸ்ப்ளேங்க. மூணரை இஞ்சு கலர் டிஸ்ப்ளே. இதுக்குப் பின்னாடி தீப்பெட்டி தண்டி ஒண்ணு ஒட்டிட்டு இருக்குது பாருங்க, அதுதான் இதை ஓட்டற போர்டு. காலேஜுப் பசங்க புராஜெக்டுக்கு வாங்குவாங்களே, அதே போர்டுதான். உங்க கையில லேப்டாப் பை இருக்குது, உங்களுக்குத் தெரியாததா.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் ஒட்டன்சத்திரத்துல எறங்கீருவேன்.

என்ற பேரு சென்னியப்பன். ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தி மூணு வருசம் எலக்ட்ரீசியன். நானூத்தி நாப்பது வோல்ட்டுல கை வெச்சு வேலை பாத்தவன். ஒரு நாள் ஒரு சாக் அடிச்சதில்ல. இந்த மூணேகால் வோல்ட்டுச் சாமான் ஒண்ணேகால் வருசமா என்னைப் போட்டு ஆட்டுதுங்க. யாருகிட்டயாவது சொல்லோணும். ஊட்டுல சொல்றதுக்கு ஆளில்ல. ஆளிருக்குது, பதில் சொல்ற ஆளில்ல.

என்ற ஊட்டுக்காரி சரோஜினிக்குப் போன வருசம் ஆவணில பக்கவாதம். சோறு வடிச்சுட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. வலது கை, வலது காலு போச்சு. பேச்சும் போச்சு. காது நல்லாக் கேக்கும். புத்தி தெளிவா இருக்குது, நாம சொல்றது பூரா வெளங்கும். வார்த்தை மட்டும் வராது. எழுதிக் காட்டுன்னு சிலேட்டக் குடுத்தோம், எழுத்தும் போயிருச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "அது." தண்ணி வேணும்னாலும் அதுதான், பசிச்சாலும் அதுதான், கோவம் வந்தாலும் அதுதான். ஊட்டுல பொழுதுக்கும் அது, அது, அதுன்னு கேட்டுட்டு இருந்தா மனுசனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. எங்களுக்குக் கொழந்தையும் இல்லீங்க.

ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி குடுக்கற டாக்டரம்மா படம் போட்ட அட்டை ஒண்ணு குடுத்தாங்க. சோறு, டம்ளர், கட்டில், அப்படி. பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு படமா விரல வெச்சு, இதா, அதான்னு கேக்கோணும்னாங்க. தெனம் அரை மணி நேரமாவது மூஞ்சியப் பாத்துப் பேசோணும்னாங்க. எனக்கு அதெல்லாம் வராதுங்க. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசம் அவதான் பேசுவா, நான் பேப்பர் படிப்பேன். திடீர்னு எதுர உக்காந்து என்ன பேசறது. ஆனா கை வேலை வரும். அட்டைக்குப் பதிலா ஒரு டிஸ்ப்ளே, அதுல படம், படத்தைத் தொட்டா மணி அடிக்கும், நான் எந்த ரூமுல இருந்தாலும் வந்துருவேன். நல்ல ரோசனைதானுங்களே?

போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். கோயமுத்தூர்ல இருந்து பார்சல்ல வந்துச்சு. பிரிச்சு, வயர எல்லாம் படத்துல போட்ட மாதிரியே சொருகுனேன். ஒம்போது வயரு. கரண்ட் குடுத்தா வெள்ளை. வெறும் வெள்ளை. ஒரு வாரம் வெள்ளையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் தெரியுது, இந்த டிஸ்ப்ளேக்குள்ள இருக்கற சிப்பு ரெண்டு மூணு சாதி. வெளிய பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் வெப்சைட்டுல போட்டிருக்கற பேரு ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு. புரோகிராமுல அந்தப் பேர மாத்தினதும் படம் வந்துருச்சு.

படம் வந்துச்சு, ஆனா கலரு மாறிப்போச்சு. செவப்பு எடத்துல நீலம், நீலத்து எடத்துல செவப்பு. நான் மொதமொதல்ல வெச்ச படம் என்ற கொழுந்தியா போட்டோ. தமயந்தி, சரோஜினிக்குத் தங்கச்சி. மூஞ்சி பூரா நீலமா, கூத்துல கிருஷ்ணர் வேசம் கட்டுன மாதிரி வந்து நிக்கறா. கொண்டுபோய் சரோஜினிகிட்டக் காட்டினேன். சிரிச்சுட்டாங்க தம்பி. வாய் ஒரு பக்கம்தான் போகும், ஆனா சிரிச்சா. வாதம் வந்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. ரெண்டு நாள் கழிச்சுக் கலர நான் சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் சிரிக்கல.

மொத்தம் பன்னெண்டு கட்டம். மூணு பத்தி, நாலு வரிசை. தண்ணி, சோறு, காபி, ஃபேனு, மருந்து, டி.வி., போர்வை, சேலை மாத்தறது, இப்படிப் பதினொண்ணு. பதினொண்ணாவது பாத்ரூம். கடைசி, பன்னெண்டாவது, வலது பக்க மூலைல தமயந்தி போட்டோ. அதைத் தொட்டா நான் ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெப்பேன். அவ பாட்டுக்கு அங்கிருந்து பேசுவா. தக்காளி என்ன வெலைக்குப் போச்சு, மருமக என்ன கொழம்பு வெச்சா, எதுத்த ஊட்டு நாய் எத்தனை குட்டி போட்டுச்சு. முக்கா மணி நேரம் பேசுவா. இவ அது, அதுன்னு பதில் சொல்லுவா. என்ன வெளங்குமோ அவங்களுக்கு.

தமயந்தி பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நேருலயும் வருவா. ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸப் புடிச்சு வந்து, அக்காளுக்குத் தண்ணி வாத்து, தலை சீவி, கட்டில்லயே ஏறி உக்காந்துக்கிட்டா பொழுது சாஞ்சாத்தான் எறங்குவா. நல்லவதான், நான் இல்லைங்கல. வாய்தான் ஆகாது. பங்குனி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, கட்டிலத் தட்டிப் போடறேன்னு இந்த ஒம்போது வயருல ரெண்டப் புடுங்கிப்போட்டா. புடுங்கினதோட இல்லாம அவளே மறுக்கா எங்கயோ சொருகி வெச்சுட்டா. அஞ்சு வோல்ட்டு போகக்கூடாத எடத்துல போயி டிஸ்ப்ளே புகைஞ்சுருச்சு. மூணு மாச வேலைங்க.

நான் சத்தம் போட்டேன். யாரா இருந்தாலும் போடத்தான் செய்வான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா. "மாமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அக்காளுக்கு என்ன வேணும்னு அவ மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? இந்தக் கம்பிய நோண்டற நேரத்துக்கு அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்" அப்படின்னா. என்ற ஊட்டுல நின்னுக்கிட்டு, சரோஜினியப் பாத்துக்கற வேலைக்காரம்மா முன்னாடி. நான் சொல்லிப்போட்டேன், இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு. சோறு போட்டு வெச்சிருந்த தட்டை அப்படியே விட்டுப்போட்டுப் போயிட்டா. சரோஜினி கட்டில்ல இருந்து அது, அது, அதுங்கறா. நான் காதுல வாங்கல.

அப்புறம் போன் பண்ணினா, ரெண்டு மூணு தடவ. நான் எடுக்கல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும்னு பாத்தேன். அவளும் ரோசக்காரி, கேக்கல. வேலைக்காரம்மா, சகாயமேரின்னு பேரு, அவங்க போனுக்குக் கூப்பிட்டிருக்கா. அதையும் வேண்டாம்னுட்டேன்.

புது டிஸ்ப்ளே வாங்கி மாட்டினேன். மாட்டும்போது பன்னெண்டாவது கட்டத்துல அந்தப் போட்டோவ வெக்கல. கருப்பா விட்டுட்டேன். அப்புறம் வேற ஏதாவது வெச்சுக்கலாம்னு.

இப்பத்தான் தம்பி, விரல் படற டச்சுப் பிரச்சனை ஆரம்பிக்குது. நல்லாக் கேளுங்க, உங்களுக்கு வெளங்கும். புது டிஸ்ப்ளே மாட்டின ரெண்டாம் நாளுல இருந்து அவ கீழ் மூலைல, அந்தக் கருப்புக் கட்டத்தையே தொட ஆரம்பிச்சா. அதுல ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாத எடத்த எவளாவது தொடுவாளா? பக்கத்துக் கட்டம் பாத்ரூமு. அப்ப என்ன அர்த்தம்? பாத்ரூமத் தொடப் போறா, விரல் ஒரு கட்டம் தள்ளி விழுகுது. இந்த மாதிரி டச்சுல அது சகஜங்க. நாலு மூலைலயும் நாலு கூட்டல் குறி வரும், அதைக் குறி வெச்சுத் தொட்டு அளவு சொல்லிக் குடுக்கோணும். அளவு தப்பினா எல்லாமே நகந்துரும். நான் சகாயமேரிகிட்டச் சொல்லிட்டேன், அம்மா அந்த எடத்தத் தொட்டா பாத்ரூமுக்கு வெக்கற பேசினக் கொண்டுபோய் வெய்யுங்கன்னு.

அவங்களும் வெப்பாங்க. இவ தலைய ஆட்டுவா, அது, அதும்பா, கண்ணுல தண்ணி வரும். பேசின எடுத்துட்டுப் போவாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மறுக்கா அதே மூலையத் தொடுவா. மறுக்கா பேசின். ஒரு நாளைக்கு ஆறு தடவ, ஏழு தடவ.

நான் சும்மா இருக்கலீங்க. வாரத்துக்கு ஒருக்கா அந்த நாலு கூட்டல் குறியையும் புதுசாத் தொட்டு அளவெடுத்தேன். என்ற விரலுக்குச் சரியா இருக்கும், அவ தொட்டா மூலைக்குப் போயிரும். அவளுக்கு எடது கை, அதனால சாஞ்சு விழுகுதோன்னு ஸ்டேண்டக் கோணையாத் திருப்பி வெச்சுப் பாத்தேன். வெயிலுக்கு விரியுதோன்னு கட்டில நகத்தினேன். ஆடி மாசம் இன்னொரு டிஸ்ப்ளே வாங்கினேன், அதே கதை. கம்பெனிக்காரனுக்கு ஒரு ஸ்டாரு போட்டு நாலு வரி திட்டி எழுதினேன். நோயாளி உபயோகிக்கற சாமான்ல இப்படி ஏமாத்தலாமான்னு எழுதினேன். அவன் பதில் போட்டான், சார் எங்க டச்சுல ஒரு கொறையும் இல்ல, நல்லா செக் பண்ணிப் பாருங்கன்னு. அவன்கூட நாலு மாசம் சண்டை.

சகாயமேரி ஒரு நாள் சொன்னாங்க, "சார், அம்மா தங்கச்சியக் கேக்கறாங்களோ என்னமோ"ன்னு. நீங்க உங்க வேலையப் பாருங்கம்மான்னுட்டேன். உள்ளுக்குள்ள சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, போட்டோ இல்லவே இல்லையே. இல்லாத போட்டோவ எப்படித் தொடுவா? அன்னிக்கு ராத்திரி அப்படித்தான் நான் எனக்கே சொல்லிக்கிட்டேன்.

பழனி வந்துருச்சா? மடத்துக்குளம்தானா. செரி, நேரம் இருக்குது.

தமயந்தி போயிட்டாங்க தம்பி. ஐப்பசி ஆறாந்தேதி. குளிக்கப் போனவ குளியல் ரூமுலயே விழுந்துட்டா. அம்பத்தியெட்டு வயசு. அவ பையன் பிரபு போன் பண்ணினான், எடுத்தேன். ஏழு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அந்த ஊட்டுப் போன எடுக்கறேன்.

எழவுக்குப் போனேன். சரோஜினிகிட்டச் சொல்லல. கோயமுத்தூர் போயி நல்ல டச்சு வாங்கிட்டு வரேன்னு சொல்லிப்போட்டுப் போனேன். திரும்பி வந்து பொறத்தால கெணத்தடில குளிச்சுட்டு, ஈரத் துண்டோட உள்ள வந்தேன். என்னையே பாத்தா. கையில டச்சு ஒண்ணும் இல்லையேன்னு பாத்தாளோ, வேற எதையாவது பாத்தாளோ, எனக்குத் தெரியாது. நான் அவ மூஞ்சியப் பாக்கல.

மக்யா நாளு காலைல போர்ட எடுத்து வெச்சு உக்காந்தேன். வெசனத்துல இருக்கற மனுசன் கை சும்மா இருக்காது. பழைய போட்டோவ எடுத்துப் பன்னெண்டாவது கட்டத்துல வெச்சுட்டேன். ஏன் வெச்சேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. கொண்டுபோய் அவ முன்னால வெச்சேன். ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் எடது கை ஆள்காட்டி விரல மெதுவா நீட்டி வெச்சா. நட்ட நடு மூஞ்சில. மணி அடிச்சுது.

ஒரு நூலு கூட வெலகல தம்பி.

அன்னிக்கே பழைய மெமரி கார்ட எடுத்துப் பாத்தேன். எந்த எடத்துல எத்தனை மணிக்குத் தொட்டான்னு எல்லாம் அதுல ஏறற மாதிரி எழுதி வெச்சிருந்தேன், கம்பெனிக்காரனுக்கு அத்தாட்சி காட்டறதுக்காக. ஏழு மாசத்துல அந்தக் கருப்புக் கட்டத்த ஆயிரத்தி இருநூத்திப் பதினேழு தடவ தொட்டிருக்கா. ஒண்ணொண்ணாப் பாத்தேன். பாத்ரூம் பக்கம் சாஞ்சது ஒண்ணு இல்ல. கோட்டு மேல பட்டது ஒண்ணு இல்ல. அத்தனையும் நடுவுல. ஆயிரத்தி இருநூத்திப் பதினேழு தடவ அவ தங்கச்சியக் கூப்பிட்டிருக்கா, நான் பேசின் வெச்சிருக்கேன்.

டச்சு சரியாத்தான் இருந்திருக்குதுங்க. அந்தக் கம்பெனிக்காரன் பாவம். நேர்மையான ஆளு, அவனப் போயி ஏமாத்துக்காரன்னு எழுதிப்போட்டேன். மனசு கேக்க மாட்டேங்குது. தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சா கொஞ்சம் பாத்துக் குடுங்க, இந்தாங்க போனு. ஒரு ஸ்டாரு போட்டத அஞ்சு ஸ்டாரா மாத்தறது எங்கன்னு எனக்குத் தெரியல. எழுதினதையும் எடுத்துருங்க. டச்சு நல்லா இருக்குதுன்னு போடுங்க. ஆமா, அவ்வளவுதான். தேங்க்ஸ்ங்க.

இந்தப் பதினஞ்சு நாளா அவ வேற எதையும் தொடறதில்ல. தண்ணியத் தொடறதில்ல, சோத்தத் தொடறதில்ல. அந்த ஒரு கட்டம்தான். மணி அடிக்கும், நான் போயி நிப்பேன். நிக்கறதுதான், என்ன பண்றது. போன் போட்டா பிரபுதான் எடுப்பான். லைன் கெடைக்கலேம்பேன். பேத்திக்கு ஒடம்பு சரியில்லையாம், வேலையா இருக்காளாம்பேன். நாளைக்கும்பேன். அவளும் தலைய ஆட்டிட்டு விரல எடுத்துக்குவா. அரை மணி நேரத்துல மறுக்கா மணி அடிக்கும். சகாயமேரி தெனம் சொல்றாங்க, சொல்லீருங்க சார், பாவம் சார்னு. எப்படிங்க சொல்றது? சொன்னா அழுவா. அழுதா அவளுக்கு ஆறுதல் சொல்ல வாய் வரோணும். எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. அவகிட்ட உக்காந்து பேச இன்னும் பயமாத்தான் இருக்குது.

இன்னிக்குத்தான் பதினாறு. கருமாதிக்குத்தான் போறேன்.

அவ தொடறது ஊட்டுலயே இருக்குது, இது முந்தி மாட்டியிருந்த டிஸ்ப்ளே, வேற போர்டு. இதை எதுக்குத் தூக்கிட்டுப் போறேன்னா, பிரபு போன்ல ஒரு வீடியோ இருக்குதாம். போன பொங்கலுக்கு எடுத்தது. பொங்கப் பானை சாயுதுன்னு தமயந்தி மருமகளத் திட்டிட்டு நிக்கறாளாம், நல்லா மூஞ்சி தெரியுதாம். அத மெமரி கார்டுல ஏத்தி, அந்தப் பன்னெண்டாவது கட்டத்தத் தொட்டா ஓடற மாதிரி பண்ணீரலாம்னு பாக்கறேன். இதுல ஓடுமுங்களா? கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் ஓடும், எனக்குத் தெரியும். செகண்டுக்குப் பத்துப் படம் வந்தாலே போதும். இந்தப் போர்டுல சத்தம் மட்டும் வராது. என்ன சொல்றீங்க, அதுக்குத் தனியா ஒரு சின்ன போர்டு இருக்குதா, ஸ்பீக்கரோட? எத்தனை வயருங்க அதுக்கு? மூணா. மூணு பின்னு மிச்சம் இருக்குது. பேரு எழுதிக் குடுங்க, இந்தக் கருமாதிப் பத்திரிகைக்குப் பின்னாலயே எழுதுங்க, பரவாயில்ல.

ஒரு நிமிசம், சகாயமேரிதான் கூப்புடறாங்க.

என்னங்கம்மா? ... ஆமா, பழனி தாண்டிட்டேன். ... அப்படியா. ... எது, அதையா? ... செரி, கட்டி விடுங்க. ... அதான் சொன்னேனேம்மா. அழுகாதீங்க, அம்மாளுக்குக் கேக்கும். வெய்யுங்க.

ஒண்ணுமில்லீங்க தம்பி. காலைல கெளம்பறப்ப மணி அடிச்சுது. போயி நின்னேன். விரல எடுக்காம என்னையே பாத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. "ஒட்டன்சத்திரந்தான் போறேன், கையோட கூட்டிட்டு வரேன்"னு சொல்லிப்போட்டேன். வாய்ல அப்படி வந்துருச்சு. சேலை மாத்தறதுக்குன்னு ஒரு கட்டம் வெச்சிருந்தேன், வெச்ச நாளுல இருந்து ஒரு தடவ அவ அதைத் தொட்டதில்ல. இப்பத் தொட்டாளாம். பீரோவத் திறக்கச் சொல்லி, தமயந்தி எடுத்துக் குடுத்த பச்சைச் சேலையக் காட்டிக் கட்டிக்கிட்டாளாம். தலை சீவிவிடச் சொல்லிட்டு, கட்டில வாசலப் பாக்கத் திருப்பிப் போடச் சொல்லி உக்காந்திருக்காளாம். அவங்க எத்தனை மணிக்கு வராங்கன்னு நான் அம்மாளுக்கு என்ன சார் சொல்லட்டும்னு சகாயமேரி கேக்கறாங்க.

ஆறு மணி பஸ்ஸுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.